கரூர் கொங்கா, சோழமா?

கரூர் ஜவுளி ஏற்றுமதியாளர் ஒருவரிடம் "உங்க ஊர் கொங்கு நாடுதானே?" என்று கேட்டுப்பாருங்கள். "அதுல என்னங்க சந்தேகம்?" என்று பதில் வரும். அதே கேள்வியைக் காவிரிக் கரையோடு கிழக்கே போய்க் குளித்தலைக் கடைவீதியில் கேட்டால், "நாங்க திருச்சிப் பக்கம்" என்பார்கள். இரண்டு ஊர்களும் ஒரே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. கலெக்டரும் ஒருவர்தான். ஆனால் எந்த மண்டலம் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில்.

கொங்குக் கட்சிக்காரர்களிடம் ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. கொங்கு மண்டலத்தின் 24 நாடுகளில் ஒன்றான வெங்கால நாட்டில் அடங்கியது கரூர். தேவாரம் பாடப்பெற்ற கொங்கு நாட்டுத் தலங்கள் ஏழு. அவற்றில் கரூர் ஆனிலையும் வெஞ்சமாக்கூடலும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. கார்மேகக் கவிஞரின் 'கொங்கு மண்டல சதகம்' கொங்கின் கிழக்கெல்லையாக மதிற்கரையைச் சொல்கிறது. மாயனூருக்கு அருகில் உள்ள மதுக்கரைதான் அது என்பார்கள். பழைய தனிப்பாடல் ஒன்றோ எல்லையை இன்னும் தள்ளிக் குளித்தலையில் கொண்டுபோய் வைக்கிறது. எப்படிப் பார்த்தாலும் கரூர் நகரம் கொங்குக்குள்தான் வருகிறது. தொழிலும் அப்படித்தான். வீட்டு உபயோகத் துணி, கொசுவலை, பஸ் பாடி கட்டுதல், ஃபைனான்ஸ் என்று எதை எடுத்தாலும் ஈரோடு, திருப்பூர், நாமக்கல்லோடுதான் கொடுக்கல் வாங்கல்.

சோழப் பக்கமும் சும்மா இல்லை. கல்வெட்டுகளில் இந்த ஊருக்கு முடிவழங்கு சோழபுரம் என்றும் பெயர் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலைப் பாடி, அந்தக் கோயில் வளாகத்திலேயே தனிச் சன்னிதியும் பெற்ற கருவூர்த் தேவர் இந்த ஊர்க்காரர். அறுபத்துமூவரில் ஒருவரான புகழ்ச்சோழர் உறையூரில் இருந்து ஆண்டவர். கொங்கரும் மேற்கு நாட்டு அரசரும் கட்டும் திறையை வாங்கிக்கொள்ள அவர் வந்து தங்கியது கருவூரில் என்கிறது பெரியபுராணம். இந்தக் கதையை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்வதுண்டு. சோழன் வந்து தங்கினான், ஆகவே சோழ ஊர் என்று ஒரு தரப்பு. திறை கட்டிய கொங்கர் வந்து சேர்ந்த இடம், ஆகவே கொங்கின் வாசல் என்று மறு தரப்பு.

இந்தச் சண்டைக்கு நடுவே மண்ணைத் தோண்டினால் மூன்றாவது ஆள் வந்து நிற்கிறார். புகளூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு சேர மன்னர்களின் மூன்று தலைமுறையைச் சொல்கிறது. அமராவதி ஆற்று மணலில் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. சேரர் தலைநகரான வஞ்சி கரூரே என்று 'வஞ்சிமாநகர்' நூலில் வாதிட்டார் ரா. இராகவையங்கார். இல்லை, கொடுங்கல்லூர்தான் என்போரும் உண்டு. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. மதுக்கரை செல்லாண்டியம்மன் கோயிலே சேர, சோழ, பாண்டிய நாடுகள் மூன்றும் சந்திக்கும் எல்லை என்பது வட்டார நம்பிக்கை. மூவேந்தரும் எல்லை பிரித்துக்கொண்டதாகச் சொல்லும் இடத்தில் மக்கள் ஒரே பதிலைச் சொன்னால்தான் வியப்பு.

இன்றைய குழப்பத்துக்கு அரசர்களைவிடக் கச்சேரிகளே அதிகக் காரணம். 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு கரூர் கோயம்புத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1910-ல் திருச்சி மாவட்டத்துக்கு மாற்றினார்கள். 1995 செப்டம்பர் 30-ல் தனி மாவட்டம் ஆகும்வரை, சுமார் 85 ஆண்டுகள், கரூர்க்காரர்கள் மனு கொடுக்கத் திருச்சிக்குத்தான் போனார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. கல்லூரிகளுக்குத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம். காவல்துறைக்குத் திருச்சி சரகம். அரசுப் பேருந்துக்குக் கும்பகோணம் கோட்டம். ரயிலுக்கு மட்டும் சேலம் கோட்டம்! நாடாளுமன்றத் தொகுதியோ இன்னும் வேடிக்கை. கரூர் தொகுதியில் திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூரும், திருச்சி மாவட்டத்து மணப்பாறையும், புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையும் இருக்கின்றன. சொந்த மாவட்டத்துக் குளித்தலை மட்டும் பெரம்பலூர் தொகுதியில்.

பேச்சிலும் சாப்பாட்டிலும் எல்லை தேடுகிறவர்கள் உண்டு. மேற்கே போகப் போக "ஏனுங்", "சரிங்" காதில் விழும்; கிழக்கே அது தேய்ந்துவிடும். கரூரின் தள்ளுவண்டிக் 'கரம்' சேலத்துத் தட்டுவடை செட்டுக்குப் பங்காளி. ஆனால் இவையெல்லாம் கல்யாணம் கட்டிப் போகிற இடமெல்லாம் கூடவே போகிறவை; எல்லைக்கல் ஆகமாட்டா.

நிலத்தைப் பார்த்தால் கோடு கொஞ்சம் தெளிவாகவே தெரிகிறது. அரவக்குறிச்சிப் பக்கம் மானாவாரி மண், முருங்கைத் தோட்டம், ஆடு மாடு. மாயனூர் தாண்டினால் கட்டளை வாய்க்கால்கள், நெல், வாழை, வெற்றிலைக் கொடிக்கால். ஒருவர் மழையைப் பார்த்து விதைக்கிறார். மற்றவர் மேட்டூரில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று பார்க்கிறார். இரண்டு விதமான விவசாயிகள். கொங்கா சோழமா என்ற கேள்விக்கு இந்த மாவட்டத்தில் உள்ள நேர்மையான விடை இதுதான்: எல்லை கரூருக்கு வெளியே இல்லை, மாவட்டத்தின் நடுவே ஓடுகிறது.

இது வெறும் டீக்கடைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 2020 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தபோது, சொன்ன மாவட்டங்களில் கரூரும் இருந்தது. அதே மாதம் சட்டம் வந்தபோது திருச்சி, அரியலூரோடு கரூரும் விடுபட்டிருந்தது. குளித்தலை நெல் விவசாயிக்கு அதில் இழப்பு உண்டு. 2021 ஜூலையில், எல். முருகன் ஒன்றிய அமைச்சரானபோது வெளியான குறிப்பில் 'கொங்கு நாடு' என்று இருந்ததை ஒட்டிப் பெரிய விவாதம் கிளம்பியது. அப்போது கரூர் மாவட்டத்தை முழுதாகக் கொங்கில் சேர்த்த வரைபடங்கள் சுற்றின. டெல்டா என்று வந்தால் கரூர் கொங்காகிவிடுகிறது; கொங்கு என்று வந்தால் குளித்தலையும் சேர்ந்து கொங்காகிவிடுகிறது. மாவட்டத்தை ஒரே துண்டாகப் பார்ப்பதால் வருகிற வினை இது.

கரூர் நகரத்தைக் கொங்கு என்பதில் வரலாற்றுப் பிழை இல்லை. குளித்தலையைச் சோழ நாட்டோடு சேர்ப்பதிலும் பிழை இல்லை. மக்கள் தங்களை எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்; அது அவர்கள் உரிமை. அரசு மட்டும் அப்படிச் செய்யக்கூடாது. பாசனத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் வேளாண் பாதுகாப்புக்கும் திட்டம் போடும்போது மண்டலப் பெயரையோ மாவட்டப் பெயரையோ பார்க்காமல், ஒன்றியம் ஒன்றியமாக மண்ணையும் வாய்க்காலையும் பார்த்துக் கோடு போட வேண்டும். அதைச் செய்தால், மிச்சச் சண்டையைக் கரூர்க்காரர்களே சந்தோஷமாகப் போட்டுக்கொள்வார்கள்.