சிட்டி எந்த ஆண்டில் அருங்காட்சியகத்தில் இருந்தது?

பெரும்பாலான திரைப்படங்கள் திரையில் ஓடும் வரிசையில் படமாக்கப்படுவதில்லை. அரங்கு கிடைக்கும் நாள், நடிகர்களின் கால்ஷீட், வானிலை, செலவு ஆகியவற்றைப் பொறுத்தே எந்தக் காட்சியை முதலில் எடுப்பது என்பது முடிவாகிறது. அதனால் கதையில் ஐந்து நிமிட இடைவெளியில் நடப்பவை படப்பிடிப்பில் ஐந்து மாத இடைவெளியில் எடுக்கப்படுவது வழக்கமே. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கத்தில் அமைந்துள்ள ஈ.வி.பி. படப்பிடிப்பு வளாகத்தில் 2015 டிசம்பரில் தொடங்கிய ‘2.0’ படம், 2018 நவம்பர் 29 அன்றுதான் திரைக்கு வந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் துண்டு துண்டாகச் சேர்ந்தவற்றை இடைவிடாமல் நிகழ்ந்த ஒரே கதை என்று பார்வையாளர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை குலையாமல் காக்கும் ஏற்பாட்டைத் திரைத்துறையினர் கன்டினியூட்டி என்பார்கள். எழுத்துத் தமிழில் அது தொடர்ச்சி. அது தவறும் இடத்தில் தொடர்ச்சிப் பிழை பிறக்கிறது.

தமிழ்ப் படப்பிடிப்புகளில் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் ஓர் உதவி இயக்குநரின் தலையில்தான் விழுகிறது. முழு இடத்தையும் காட்டும் மாஸ்டர் ஷாட்டில் நடிகர் எந்தக் கையால் தேநீர்க் கோப்பையை எடுத்தார், எந்தச் சொல்லின்போது எழுந்தார், நெற்றியில் விபூதி எந்த அளவுக்கு அழிந்திருந்தது என்பவற்றையெல்லாம் அவர் குறித்துவைத்துக்கொள்கிறார். பிறகு ஒருவரின் தோள் வழியாக மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட்டுக்கும், முகத்தை மட்டும் காட்டும் க்ளோசப்புக்கும் அவை மாறாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலையே. அதீத ஆற்றல் கொண்ட நாயகனைப் பற்றிய படத்தில் இந்த வேலை பல மடங்கு கூடுகிறது. ஏனெனில் அங்கே ஒரு பாத்திரத்துக்கு மூன்று உடல்கள் உண்டு: வசனம் பேசும் நடிகர், கயிற்றில் தொங்கும் டூப், கணினியில் உருவாகும் வரைகலை உருவம். கவசத்தில் விழுந்த ஒரு கீறல் மூன்று உடல்களிலும் அதே இடத்தில், அதே நீளத்தில் இருக்க வேண்டும். சண்டை முற்ற முற்ற அக்கீறல் பெரிதாகவும் வேண்டும்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் பிழைகள் தப்பிவிடுகின்றன. 2002ஆம் ஆண்டின் ‘ஸ்பைடர் மேன்’ படத்தில் மழை பெய்யும் சந்தில் நடக்கும் சண்டை இதற்குப் புகழ்பெற்ற சான்று: எறியப்பட்ட அடியாட்கள் மோதி உடைந்த சன்னல் கண்ணாடிகள் சில நொடிகளில் முழுமையாகத் தெரிகின்றன. அதே படத்தில் நாயகன் பீட்டர் தன் அறையில் வலையை இழுத்து நொறுக்கிய விளக்கு, அத்தை கதவருகே வந்து விசாரிக்கும்போது பழையபடி நிற்கிறது. இத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பவர் படத்தொகுப்பாளர் தூங்கிவிட்டார் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பெரும்பாலும் அவருக்கு அது தெரிந்தே இருக்கும். ஹாலிவுட் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், ஒரு வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதை முடிவு செய்யும் ஆறு காரணிகளுக்கு மதிப்பெண் இட்டபோது உணர்ச்சிக்கு 51 விழுக்காடும் கதைக்கு 23 விழுக்காடும் கொடுத்துவிட்டு, பொருள்களும் ஆட்களும் வெளியில் சரியான இடத்தில் இருக்கும் தொடர்ச்சிக்கு வெறும் 4 விழுக்காட்டையே ஒதுக்கினார். நடிகரின் கண் சரியாகக் கலங்கிய டேக்கில் பின்னாலிருக்கும் சன்னல் உடையாமல் இருந்தால், சன்னலைத்தான் அவர் விட்டுக்கொடுப்பார். இந்த வகைப் பிழையைக் கண்டுபிடிப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டே தவிர, விவாதிப்பதற்கு அதில் அதிகம் இல்லை.

விவாதத்துக்குரியவை கதையின் காலத்தையும் சட்டத்தையும் தொடும் முரண்களே. 2010 அக்டோபர் 1 அன்று வெளியான ‘எந்திரன்’ படத்தில் நீதிமன்ற ஆணைப்படி சிட்டி என்ற எந்திர மனிதன் தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது. பிறகு கதை 2030ஆம் ஆண்டுக்குத் தாவி, அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக இருக்கும் அதனிடம் ஒரு பள்ளிச் சிறுமி அது பிரிக்கப்பட்ட காரணத்தைத் தெரிந்துகொள்வதோடு முடிகிறது. ‘2.0’ படத்திலோ, சென்னையின் கைப்பேசிகள் பறந்து மறையும் நெருக்கடியில் விஞ்ஞானி வசீகரன் தான் உருவாக்கிய அதே சிட்டியை மீண்டும் பூட்டி எழுப்புகிறார். காட்டப்படும் உலகம் படம் வெளிவந்த காலத்து உலகமாகவே இருக்கிறது. முடிவில் சிட்டி இயங்கிக்கொண்டும் இருக்கிறது. அப்படியானால் 2030இல் அருங்காட்சியகத்தில் இருந்தது எது?

இது பிழையே என்பவர்கள், சிறுமியின் காட்சி தீர்ப்பு நாள் முதல் சிட்டி அசையாமல் கிடந்ததாகவே உணர்த்துகிறது என்கிறார்கள். பிழையில்லை என்பவர்கள், தீர்ப்புக்கும் 2030க்கும் இடையிலுள்ள இருபது ஆண்டுகளைப் பற்றி முதல் படம் எதுவும் சொல்லவில்லை என்பதையும், ‘2.0’ அந்த இடைவெளிக்குள் நடந்து முடிந்து சிட்டி மறுபடி பிரிக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் காட்டுகிறார்கள். இந்த இரண்டாம் வாதம் கணக்கில் செல்லும்; ஆயினும் அது கேட்கும் விலை பெரிது. நகரையே காப்பாற்றிய எந்திரத்தை எதற்காக மீண்டும் பிரித்தார்கள் என்ற, எந்தப் படத்திலும் இல்லாத ஒரு கதையைப் பார்வையாளரே எழுத வேண்டியிருக்கிறது. மேலும், சிந்திக்கத் தொடங்கியதுதான் தன் குற்றம் என்ற பொருள்படச் சிட்டி தரும் விடை முதல் தீர்ப்புக்கு மட்டுமே பொருந்துகிறது. 2030 காட்சி, தனக்குப் பின் இன்னொரு படம் வரும் என்று எண்ணாமல் ஒரு கதைக்கு இடப்பட்ட முற்றுப்புள்ளி என்பதும், பின்னால் வந்த படம் அதைச் சரிசெய்ய முயலாமல் ஒதுங்கிச் சென்றது என்பதும்தான் நேர்மையான விளக்கமாகத் தோன்றுகிறது. தன் படத்துக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் முந்தைய படத்தை நினைவில் வைத்திருப்பது தமிழ்த் தொடர்ப்படங்களின் பொது இயல்பு.

ஆண்டுக்கணக்கில் சறுக்குவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. 2017ஆம் ஆண்டின் ‘ஸ்பைடர் மேன்: ஹோம்கமிங்’, மார்வெல் படக்கதையில் 2012இல் நடந்த நியூயார்க் போருக்கு ‘எட்டு ஆண்டுகளுக்குப் பின்’ என்று எழுத்துப் போட்டதால், 2016ஐ ஒட்டி நடக்க வேண்டிய கதை 2020க்குப் போய்விட்டது, அதே வரிசையில் பிற படங்களை இயக்கிய ரூஸோ சகோதரர்கள் அந்தக் கணக்கு தவறு என்று பின்னர் ஒப்புக்கொண்டார்கள். மார்வெல் நிறுவனத்துக்கு இது பழகிய தலைவலி. அதன் சித்திரக்கதைகளில் வாசகர்கள் பிழை கண்டு எழுதத் தொடங்கிய 1960களில் ஆசிரியர் ஸ்டான் லீ ‘நோ பிரைஸ்’ என்ற பரிசு ஒன்றை ஏற்படுத்தினார். காலப்போக்கில் அது பிழையைச் சுட்டுவதோடு நில்லாமல், அது ஏன் பிழையாகாது என்று நம்பும்படி விளக்கும் வாசகருக்கு உரியதாயிற்று. வென்றவருக்கு அஞ்சலில் வந்தது வெற்று உறை மட்டுமே! இன்றைய ரசிகர்கள் சிட்டிக்காகச் செய்யும் சமாதானங்கள் அந்த உறைக்குத் தகுதியானவை.

இவற்றினும் ஆழமானது ஆற்றலின் சட்டம். நாயகனின் ஆற்றல் கற்பனை என்பதால், அதற்கு எல்லை எது என்பதைப் படமே வகுத்துத் தர வேண்டியிருக்கிறது. வகுத்தபின் அதை மீறும் உரிமை படத்துக்கு இல்லை. எந்திர மனிதன் பறப்பதை ஒப்புக்கொள்ளும் பார்வையாளர், மின்னேற்றம் தீர்ந்தால் சிட்டி விழுந்துவிடும் என்று ஒருமுறை காட்டிவிட்டால், அடுத்த நீண்ட சண்டையில் மின்கலம் எப்படித் தாங்கியது என்று கேட்பதன் நியாயம் இதுவே. 2023இல் வெளியான ‘மாவீரன்’ படத்தில் கோழையான சித்திரக்கதை ஓவியன் சத்யாவுக்கு மட்டும் கேட்கும் குரலும் இத்தகைய சட்டத்துக்கு உட்பட்டதே. அது எப்போது பேசும், எப்போது கைவிடும் என்பதில்தான் அந்தப் படத்தின் பதற்றமே அடங்கியிருக்கிறது.

‘எந்திரன்’ வகுத்த சட்டங்களுள் மிகத் தெளிவானது சிவப்புச் சில்லு. வில்லன் போரா அதைப் பொருத்தியதும் சிட்டி அழிவுசக்தியாக மாறுகிறது. ‘2.0’ படத்தில் வசீகரனின் எந்திர உதவியாளர் நிலா மீண்டும் அதே வகைச் சில்லைப் பொருத்தும்போதோ, ஆணவமும் மூர்க்கமும் திரும்புகின்றனவே தவிர, அந்த மூர்க்கம் வில்லன் பட்சிராஜனை எதிர்த்து நல்லவர் பக்கம் நின்று போரிடுகிறது. சட்டம் மீறப்பட்டுவிட்டது என்று இதைக் கொள்வோர் உண்டு. ஆனால் கூர்ந்து பார்த்தால், சில்லு தருவது வெறும் தாக்கும் வெறி என்றும், அது யாரை நோக்கித் திரும்ப வேண்டும் என்பதைப் பொருத்தியவரின் நோக்கமே தீர்மானிக்கிறது என்றும் இரண்டு படங்களையும் சேர்த்து வாசிக்க இடமிருக்கிறது. அருங்காட்சியகத்துக்குச் சொல்லப்படும் சமாதானத்தைப்போல இதற்குப் புதுக்கதை எதுவும் தேவைப்படவில்லை. முரணாகத் தெரிவது சட்டத்தின் திருத்தமாக மாறும் இத்தகைய இடங்களில்தான் விவாதம் படத்துக்கே பயன் தருகிறது.

சில தொடர்ச்சிச் சிக்கல்களுக்குக் காரணம் கதைக்கு வெளியே கிடக்கிறது. ‘எந்திரன்’ படத்தின் நாயகி சனா, ‘2.0’ படத்தில் தொலைபேசிக் குரலாக மட்டுமே வருகிறாள். ‘ஜஸ்டிஸ் லீக்’ (2017) படத்தின் மறுபடப்பிடிப்புக்கு வந்த ஹென்றி கேவில், வேறொரு படத்துக்காக வளர்த்த மீசையை மழிக்க முடியாதிருந்ததால், கணினியால் அழிக்கப்பட்ட மேலுதட்டோடு சூப்பர்மேன் பேசினார். செம்பரம்பாக்கத்தின் அதே வளாகத்தில் 2020 பிப்ரவரி 19 அன்று ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூவர் உயிரிழந்த துயரத்துக்குப் பின் நின்றுபோன பணி 2022இல்தான் மீண்டும் தொடங்கியது. இடையில், 2021இல், அதில் நடித்திருந்த விவேக்கும் நெடுமுடி வேணுவும் மறைந்துவிட்டனர். எஞ்சிய காட்சிகளில் அவர்களின் தோற்றத்தை நிலைநிறுத்தத் தொழில்நுட்பம் துணைக்கு வந்தது. அந்தச் சுமையை அறிந்தவர்கூட, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் போரிட்ட நாயகன் சேனாபதி 2024இல் நூறு வயதைத் தாண்டியும் சக்கரத்தில் பாய்ந்து சண்டையிடுவதைப் பற்றிக் கேள்வி எழுப்பாமல் இருக்கவில்லை. அதிமனித நாயகன் என்ற பெயர்ப்பலகை இல்லாத படத்திலும் ஆற்றலின் சட்டம் கேட்கப்படும் என்பதற்கு இது சான்று.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலும் நூலளவு பிசகையும் ஏற்காத தரச்சோதனையில் நாளைக் கழிக்கும் பார்வையாளர்கள் மாலைக்காட்சியில் உடையாத கண்ணாடியைக் கண்டுகொள்வதில் வியப்பில்லை. அண்ணா சாலையில் தொடங்கிய கார் துரத்தல் ஒரு வளைவில் புறநகர் வெட்டவெளிக்கு வந்துவிடும்போது அரங்கில் எழும் சிரிப்பும் அவர்களுடையதே. படத்தொகுப்பாளருக்கு அது வெறும் வெட்டு, அந்தச் சாலையில் தினமும் பேருந்தில் தொங்குபவருக்கு ஒன்றரை மணி நேரம்.

இத்தகைய சர்ச்சைகளின் அடிப்படையையே அண்மைக்காலம் அசைத்திருக்கிறது. 2019இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் மேசைமேல் மறந்துவைக்கப்பட்ட காபிக் கோப்பையும், 2020இல் ‘தி மாண்டலோரியன்’ தொடரில் ஓரமாகத் தெரிந்த ஜீன்ஸ் அணிந்த பணியாளரும், ஒளிபரப்பான பின்னர் ஓடிடி பிரதிகளிலிருந்து சத்தமின்றி அழிக்கப்பட்டனர். தமிழ்ப் படங்களில் அழிப்பதைவிட வெட்டுவதே அதிகம்: 2024 ஜூலை 12 அன்று வெளியான ‘இந்தியன் 2’ சில நாட்களிலேயே ஏறத்தாழ 12 நிமிடங்கள் குறைக்கப்பட்டது. முதல் நாள் அம்பத்தூரில் பார்த்தவரும் மறுவாரம் பூந்தமல்லியில் பார்த்தவரும் ஒரு காட்சிக்கு முன்னால் என்ன நடந்தது என்று வாதிடத் தொடங்கினால், எந்த நாளில் எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.