மின்னோடியைச் சுழற்றும் இரு விசைகள்

மாவரைக்கும் இயந்திரம் முதல் மகிழுந்துத் தொழிற்சாலையின் இயந்திரக் கை வரை எண்ணற்ற கருவிகளை இயக்குவது மின்னோடி. மோட்டார் என்பது அதன் வழக்குப் பெயர். மின்சாரத்தைப் பெற்றுச் சுழற்சியாகத் தருவதே அதன் பணி. அச்சுழற்சியை இரு வழிகளில் பெறலாம். காந்தவிசை ஒன்று, மின்னூட்டங்களுக்கிடையே எழும் ஈர்ப்பும் விலக்கும் மற்றொன்று. நாம் அன்றாடம் காண்பவை பெரும்பாலும் முதல் வகையின. ஆயினும் காலத்தால் மூத்தது இரண்டாம் வகையே.

மூத்த மின்னோடி

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், 1749ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் தம் மின்சக்கரத்தை விளக்கியுள்ளார். முப்பது கண்ணாடிக் கீற்றுகளை ஆரங்களாக அமைத்து, அவற்றின் முனைகளில் பித்தளை விரற்கவசங்களைப் பொருத்தினார். மின்னூட்டம் பெற்ற இரு ஜாடிகளை அருகில் வைத்ததும், சக்கரம் நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முறை சுழன்றது. மின்னோட்டத்தையும் காந்தத்தையும் கொண்டு மைக்கேல் பாரடே ஒரு கம்பியைச் சுழலச் செய்தது 1821இல்தான்.

காந்தம் வென்றது ஏன்?

மூத்தது பின்தங்கியமைக்குக் காரணம் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றே. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் ஏறத்தாழ 30,000 வோல்ட்டுக்கு மேல் காற்று தாங்காது. பொறி பறந்து மின்னூட்டம் வீணாகிவிடும். இவ்வெல்லைக்குள் ஒரு சதுர மீட்டர் பரப்பில் கிடைக்கும் இழுவிசை நான்கு கிலோ எடைக்கே நிகராகும். ஒரு டெஸ்லா வலிமையுள்ள காந்தப்புலமோ அதே பரப்பில் நாற்பது டன் எடைக்கு நிகரான விசையைத் தரும். பதினாயிரம் மடங்கு வேறுபாடு! ஆலைகள் காந்தத்தை நாடியதில் வியப்பில்லை.

ஏவல் கேட்கும் மோட்டார்

ஆலைகளில் வலிமை மட்டும் போதாது, துல்லியமும் வேண்டும். அதற்கென அமைந்ததே 'செர்வோ' மோட்டார். ஊழியன் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. இதன் அச்சில் உள்ள உணர்கருவி, அச்சு எக்கோணத்தில் நிற்கிறது என்பதை இடையறாது அறிவிக்கிறது. கட்டுப்பாட்டுக் கருவி, ஏவிய நிலையையும் எய்திய நிலையையும் ஒப்பிட்டு, வேறுபாடு மறையும்வரை மின்னோட்டத்தைத் திருத்துகிறது. செய்த பணியைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் இவ்வியல்பே செர்வோவின் சிறப்பு.

மாணவர் செய்யத்தக்க மோட்டார்

மூத்த மின்னோடியை மாணவர்களே செய்து பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் குவளையின் வெளிப்புறத்தில் அலுமினியத் தாள் கீற்றுகளை இடைவெளிவிட்டு ஒட்டி, ஊசிமுனையில் கவிழ்த்து வைக்க வேண்டும். இருபுறமும், குவளையைத் தொடாதவாறு, இரு உலோக முனைகளை நிறுத்த வேண்டும். ஆய்வகத்தின் சிறிய வான் டி கிராப் கருவியோடு ஒரு முனையையும், தரையோடு மற்றொன்றையும் ஆசிரியர் முன்னிலையில் இணைக்கலாம். முதல் முனையில் மின்னூட்டம் பெறும் கீற்று விலக்கப்படுகிறது. மறுமுனையால் ஈர்க்கப்பட்டு அங்கே மின்னூட்டத்தை இழக்கிறது. குவளையும் சுழல்கிறது. ஈரக்காற்றில் மின்னூட்டம் கசிந்துவிடுமாதலால் உலர்ந்த நாளே ஏற்றது. வீட்டு மின்னிணைப்பை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

சிறுமையில் பெருமை

பேருருவில் தோற்ற இவ்விசை நுண்ணுருவில் வென்றது. இடைவெளி சில மைக்ரான் அளவுக்குக் குறுகும்போது, எலக்ட்ரான்கள் மோதிப் பெருகிப் பொறியாக வெடிப்பதற்கு இடமில்லை. ஆகவே காற்று பன்மடங்கு வலிய மின்புலத்தைத் தாங்குகிறது. புலம் பத்து மடங்கானால் விசை நூறு மடங்காகும். அத்துணைச் சிறிய இடத்தில் கம்பிச்சுருள் சுற்றுவதும் அரிது. 1988இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், தலைமயிரின் தடிப்பையொத்த சிலிக்கான் மின்னோடி இவ்விசையாலேயே சுழன்றது. இன்று டிஜிட்டல் திரைப்படக் கருவிகள் பலவற்றில் நுண்கண்ணாடிகளைச் சாய்ப்பதும் இதுவே.

ஒரு விசை வலியதா, எளியதா என்பதை அது தொழிற்படும் அளவே தீர்மானிக்கிறது. பயனற்றதென ஒதுக்கும் முன்னர், அது எவ்வளவில் பயனற்றது என வினவுவதே அறிவியல் நோக்காகும்.