காற்றைக் கழுவும் கதிர்

நோயாளி படுத்தெழுந்த பாயையும் தலையணையையும் முற்றத்து வெயிலிற் போட்டு உலர்த்துவது எம்மவர் இல்லங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். ஏனென்று வினவினால், வெயில் பட்டால் நோய் அண்டாது என்று முதியோர் விடையிறுப்பர். அனுபவம் கற்பித்த இவ்வுண்மைக்கு விஞ்ஞானம் காரணம் காட்டத் தொடங்கியது ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரேதான். 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த டவுன்ஸ், பிளண்ட் என்னும் இருவர், பற்றீரியா வளரத்தக்க கரைசல் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களுட் சிலவற்றை வெயிலிலும் சிலவற்றை இருளிலும் வைத்துப் பார்த்தனர். இருளில் இருந்தவை கலங்கின. வெயிலில் இருந்தவை தெளிந்தே இருந்தன. ஒளியில் நீலமும் ஊதாவும் சார்ந்த பகுதியே இதற்குப் பெரிதும் காரணம் என்பதும் புலனாயிற்று.

ஊதா நிறத்துக்கு அப்பாலும் ஒளி உண்டு. அதனை 1801ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியரான ரிற்றர் கண்டறிந்தார். ஞாயிற்றின் ஒளியை அரியத்தினூடு செலுத்தி, ஊதாவுக்கு அப்பால் வெறும் இருளாகத் தோன்றிய இடத்தில் வெள்ளிக் குளோரைட்டை வைத்தபோது, அது விரைந்து கறுத்தது. கண்ணுக்குப் புலனாகாத இக்கதிரையே ஊதாக் கடந்த கதிர் என்றும், கழியூதாக் கதிர் என்றும் எமது பாட நூல்கள் கூறுகின்றன. ஒரு மீற்றரை நூறு கோடி கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். 400 நனோமீற்றருக்குக் குறைந்த அலை நீளமுடைய ஒளியே ஊதாக் கடந்த கதிராகும். அவற்றுள்ளும் 280க்குக் குறைந்தவையே கிருமிகளை அழிப்பதில் மிக வல்லவை. நல்வினைப் பயனாக, ஞாயிற்றிலிருந்து வரும் இவ்வகைக் கதிர்களை வளிமண்டலம், சிறப்பாக அதன் ஓசோன் படை, நிலத்தை அடையவிடாது தடுத்துவிடுகின்றது. எஞ்சியவை எமது முற்றத்தில் மெதுவாகவே தொழிற்படுகின்றன. விரைந்து தொழிற்படும் கதிர் வேண்டுமாயின், 254 நனோமீற்றர்க் கதிரை உமிழும் இரச ஆவி விளக்கை நாடவேண்டும். சாதாரணக் கண்ணாடி இக்கதிரை மறித்துவிடும். ஆதலால் அவ்விளக்கின் குழாயைப் படிகக் கல் உருக்கிச் செய்வர்.

இக்கதிர் வைரசை என் செய்கின்றது? வைரசு என்பது புரத உறையினுள் பொதிந்துள்ள ஒரு செய்திச் சுருளே. தன்னைப் போல் மற்றொன்றைப் படைக்கும் முறை முழுவதும் டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. என்னும் அச்சுருளிலே எழுதப்பட்டுள்ளது. கதிர் பட்டதும் சுருளில் அடுத்தடுத்துள்ள எழுத்துக்கள் சில ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. ஈரம் பட்டு ஒட்டிக்கொண்ட ஏட்டைப் படிக்க இயலாதவாறு போல, அச்செய்தியும் படிக்க இயலாததாகின்றது. வைரசு இருந்தும் பெருக வகையற்றதாகிறது. பெருகாத வைரசு நோய் தருவதில்லை.

இதனை மக்கள் நலத்துக்குப் பயன்படுத்த முனைந்தவருள் தலைசிறந்தவர் அமெரிக்கச் சுகாதாரப் பொறியியலாளரான வில்லியம் வெல்ஸ். இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் துளிகள் அருகிலேயே நிலத்தில் விழுந்துவிடும் என்று அக்காலத்தவர் பெரும்பாலும் எண்ணியிருந்தனர். மிக நுண்ணிய துளிகளோ நிலத்தை அடையுமுன்னரே வற்றிச் சுருங்கி, கிருமியைச் சுமந்தவாறு நெடுநேரம் காற்றில் மிதக்கும் என்று வெல்ஸ் 1934இல் எடுத்துக்காட்டினார். அங்ஙனமாயின், காற்றையே தூய்மை செய்யலாமன்றோ?

1937ஆம் ஆண்டு தொடங்கி, பிலடெல்பியா நகரைச் சார்ந்த ஜேர்மன்ரவுணில் உள்ள பள்ளி வகுப்பறைகள் சிலவற்றில் அவர் இவ்விளக்குகளைப் பொருத்தினார். கதிர் பிள்ளைகளின் கண்ணிலோ தோலிலோ படலாகாது என்பதற்காக, விளக்குகள் ஆளுயரத்துக்கு மேலே, கூரையை நோக்கி ஒளிருமாறு அமைக்கப்பட்டன. பிள்ளைகளின் உடற்சூட்டால் வெதும்பிய காற்று மேலெழுந்து கதிரிடையே புகுந்து தூய்மையாகிக் கீழிறங்கும். 1941இல் அங்கு சின்னமுத்து பரவியபோது பயன் வெளிப்பட்டது. விளக்கில்லாத வகுப்புகளில், முன்னர் அந்நோய் காணாத பிள்ளைகளுட் பாதிக்கு மேற்பட்டோரை நோய் பற்றியது. விளக்குள்ள வகுப்புகளிலோ ஏழிலொரு பங்கு அளவினரையே பற்றியது. தடுப்பூசி இல்லாத அந்நாளில் பெற்றோருக்கு இஃது எத்துணை ஆறுதல் அளித்திருக்கும்!

ஆயினும், வேறிடங்களிலுள்ள பள்ளிகளில் இதே முறையைச் சோதித்தபோது இத்துணைச் சிறந்த பயன் கிட்டவில்லை. வகுப்பறையில் விளக்கு எரிந்தது. பிள்ளைகளை ஏற்றிச்சென்ற பஸ் வண்டியில் எரியவில்லை. நோய் வகுப்பறையை விடுத்து வண்டியிற் பரவிற்று. விளக்கு தோற்றதென்று சொல்வதிலும், விளக்கில்லாத இடத்தை நோய் தேடிக்கொண்டது என்பதே பொருந்தும். 1950களின் பிற்பகுதியில் பால்ரிமோர் நகரில் வெல்ஸும் அவர் மாணவரான மருத்துவர் றைலியும் செய்த சோதனை இதனைத் தெளிவாக்கியது. சயரோக நோயாளர் விடுதியிலிருந்து வந்த காற்றைச் சுவாசித்த கினிப்பன்றிகளை நோய் பற்றியது. அதே காற்றைக் கதிரிற் காட்டி அனுப்பியபோது, அதனைச் சுவாசித்தவற்றை நோய் அணுகவில்லை. வழி முழுவதும் கதிரின் வசப்பட்டிருந்ததே அவ்வெற்றிக்குக் காரணம்.

1963இல் அமெரிக்காவில் சின்னமுத்துத் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது; நாளடைவில் வெல்ஸின் விளக்குகளைப் பலரும் மறந்தனர். 2020இல் கொவிட் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தபோதே அவை மீண்டும் நினைவுக்கு வந்தன. உடனே கைவிளக்குகளும் பெட்டிகளும் கோல்களும் கடைகளில் மலிந்தன. இவற்றை வாங்குமுன் வாசகர்கள் சிலவற்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். கதிர் நேராகச் செல்லும். மேசையின் அடிப்புறத்துக்கும் துணியின் மடிப்புக்கும் அது வளைந்து செல்லாது. தூசும் அழுக்கும் அதனை மறைக்கும். தூரம் கூடக்கூட வலு குறையும். கணநேரம் காட்டியெடுத்தால் போதாது. நீலமாய் ஒளிரும் விளக்குகள் எல்லாம் கிருமி கொல்லும் விளக்குகளும் அல்ல. எல்லாவற்றினும் முதன்மையானது, வைரசின் சுருளைச் சிதைக்கும் கதிர் எமது கண்ணையும் தோலையும் விட்டுவைக்காது என்பதே. கைகளையோ உடலின் பிற தோற்பகுதிகளையோ தூய்மை செய்ய இவ்விளக்கைப் பயன்படுத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டிலேயே எச்சரித்தது. கைக்குச் சவர்க்காரமும் நீருமே போதும்.

எமது நாட்டில் சின்னமுத்து ஒழிந்ததென 2019இல் அந்நிறுவனம் அறிவித்தது. ஆயினும் 2023இல் அந்நோய் இங்கு மீண்டும் தலைகாட்டியது. காற்றில் வரும் நோய் ஒருமுறை போனால் திரும்பி வாராது என்று நாம் வாளாவிருத்தலாகாது. மருத்துவமனைகளிலும் நெருக்கமான கூடங்களிலும் அறிந்தவர் கையால் உயரத்தில் அமைக்கப்படும் விளக்கு நல்ல காவலனே. ஆனால் அது தான் நிற்கும் அறையை மட்டுமே காக்கும். தடுப்பூசியோ பிள்ளையோடு பஸ் வண்டியிலும் ஏறும், விளையாட்டு மைதானத்துக்கும் போகும், வீட்டுக்கும் திரும்பும். ஆதலால் பெற்றோர் முதலிற் பார்க்க வேண்டியது பிள்ளையின் தடுப்பூசி அட்டையை. அடுத்துத் திறக்க வேண்டியது வீட்டின் யன்னலை. விளக்கைப் பற்றிய யோசனை அதன் பின்னர் வரட்டும்.