திரிபும் நிர்ப்பீடனமும்: கொரோனாத் தொற்றின் சமூகவியல் பற்றிய ஒரு விளக்கம்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ‘அம்மாள்’ என்னும் சொல் தெய்வத்தையும் நோயையும் ஒருங்கே குறித்து வந்துள்ளது. வைகாசியிற் கண்ணகை அம்மன் கோயில்களில் நிகழும் குளிர்த்திச் சடங்கு வெப்பு நோய்களைத் தணிக்கும் நம்பிக்கையோடு பிணைந்ததாகும். இந்நம்பிக்கையினடியில் அனுபவ அறிவொன்றும் திரண்டிருந்தது. அம்மாள் வந்துபோனவருக்கு அது மீண்டும் வருதல் அரிது. ஆனால் தடிமனை எவரும் அவ்வாறு கருதியதில்லை. மாரிதோறும் அது வரும், போகும். கொரோனாத் தொற்றுப் பற்றி எழுந்த குழப்பங்களிற் பெரும்பகுதி, தடிமன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரசிடம் அம்மாளின் இயல்பை எதிர்பார்த்தமையால் விளைந்ததே.

இவ்விருவகை நிர்ப்பீடனத்தையும் விளக்க இரு சான்றுகள் போதும். 1846இல் பாரோத் தீவுகளிற் சின்னமுத்துப் பரவியபோது, 1781இல் அந்நோய்க்கு ஆளாகியிருந்த முதியோர் மீண்டும் நோயுறவில்லை என்பதைப் பனும் என்னும் டேனிய மருத்துவர் கண்டார். 65 ஆண்டுகள் கழிந்தும் உடல் மறக்கவில்லை. மாறாக, இங்கிலாந்தின் சோல்ஸ்பரித் தடிமன் ஆய்வு நிலையத்தில், தடிமன் தரும் கொரோனா வைரசொன்று தொண்டர்களின் மூக்கினுட் செலுத்தப்பட்டது. ஓராண்டின் பின் அதே வைரசு மீண்டும் செலுத்தப்பட்டபோது, முன்னர் தொற்றியோரிற் பெரும்பாலோருக்குத் தொற்று மறுபடியும் ஏற்பட்டது. ஆனால் எவருக்கும் தடிமன் உண்டாகவில்லை. 1990இல் வெளியான இவ்வாய்வு, தொற்றும் நோயும் ஒன்றல்ல என்பதைக் கொரோனாப் பேரிடருக்கு மூன்று தசாப்தங்கள் முன்பே உணர்த்திவிட்டது.

காரணம் காலத்திலே தங்கியுள்ளது. சின்னமுத்து வைரசு உடலெங்கும் பரவி நோயை வெளிப்படுத்தப் பத்து நாட்கள் வரை செல்லும். அதற்குள் நினைவுக் கலங்கள் விழித்து, பிறபொருளெதிரிகளைப் பெருக்கிவிடுகின்றன. கொரோனா வைரசோ மூக்கின் சீதமென்சவ்விற் சில நாட்களிலேயே பெருகிப் பிறருக்கும் தாவிவிடுகிறது. அங்குள்ள பிறபொருளெதிரிகள் சில மாதங்களிற் குறைந்துவிட்டால் தொற்றைத் தடுக்க இயலாது. எனினும், நினைவுக் கலங்கள் நுரையீரல் சிதையுமுன் போர்க்களம் சேர்ந்துவிடும். ‘ஊசி போட்டும் வந்ததே’ என்ற கேள்விக்கு விடை இதுவே: வருவதை அது முற்றாகத் தடுக்கவில்லை, கொல்வதையே பெரும்பாலும் தடுத்தது.

இனித் திரிபுகளை நோக்குவோம். இவ்வைரசின் மரபுச்செய்தி ஏறத்தாழ 30,000 எழுத்துக்களாலானது. பிரதியெடுக்கையிற் பிழைகள் நேர்கின்றன. சரவை பார்க்கும் நொதியம் ஒன்றிருப்பினும் சில தப்பிவிடுகின்றன. (ஏட்டுப்பிரதிகளிற் பாடபேதம் தேடுவோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.) பெரும்பாலான விகாரங்களாற் பயனில்லை. எவ்விகாரம் நிலைக்கும் என்பதைச் சூழலே தெரிவுசெய்கிறது. எவருக்கும் எதிர்ப்பில்லாத காலத்தில் விரைந்து பரவுவது வென்றது. அல்பாவும் டெல்டாவும் அவ்வகையின. மக்களிற் பலர் எதிர்ப்பைப் பெற்றபின், அதற்குத் தப்புவதே வென்றது. முட்புரதத்தில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட மாற்றங்களோடு 2021 நவம்பரில் அறியப்பட்ட ஒமிக்ரோன் இதற்குச் சான்று. அளவுமாற்றம் பண்புமாற்றமாவதை இங்கே காண்பவர்கள் காணலாம்; வைரசை இயங்கியலாளராக்க வேண்டியதில்லை.

இலங்கையில் 2020 இறுதியிற் பரவியது பி.1.411 என்னும் கிளை. மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் அவ்வாண்டு அக்டோபரிற் பெருந்தொற்றுக்கள் வெளிப்பட்டன. அச்சந்தைக்குச் சென்று திரும்பியோர் வழியாகத் தொற்று வாழைச்சேனையை எட்டியது. அப்பொலிஸ் பிரிவில் ஊரடங்கு விதிக்கப்பட்டது. கிழக்கின் மீன் கொழும்புக்குச் செல்லும் வழியே நோய் கிழக்குக்கு வந்தது. வீட்டிலிருக்கக் கூடியவர் வர்க்கமும் இருக்கவியலாதவர் வர்க்கமும் வேறுவேறு. கூலியும் மீனும் காத்திருப்பதில்லை. 2021 ஏப்ரலில் அல்பாவும் யூனில் டெல்டாவும் இனங்காணப்பட்டன. அதேவேளை இந்தியாவின் ஏற்றுமதித் தடையால், கோவிஷீல்ட் முதலாம் ஊசி பெற்றோரில் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் இரண்டாவதற்குக் காத்துக் கிடந்தனர். புலமைச் சொத்துரிமைத் தளர்வு கோரி இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பிடம் வைத்த பிரேரணைக்கு 2022 யூனிலேயே, அதுவும் பெரிதும் சுருங்கிய வடிவில், விடை கிடைத்தது. வைரசு இருபது மாதங்கள் காத்திருக்கவில்லை.

விஞ்ஞானத்தின் பெயரால் நிகழ்ந்த அநீதியொன்றும் இவ்வாவிப் பிரதேசத்தோடு தொடர்புற்றது. நிலத்தடி நீர் மாசுறும் என்ற ஆதாரமற்ற வாதத்தால், 2020 ஏப்ரல் முதல் முஸ்லிம்களின் உடல்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் புதைத்தலை அனுமதித்திருந்தது. 2021 பெப்ரவரியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டபின், அதற்கென ஒதுக்கப்பட்ட இடம் ஓட்டமாவடி. ஓராண்டில் அங்கு 3,600க்கு மேற்பட்டோர் புதைக்கப்பட்டனர். அவர்களுள் பௌத்தரும் இந்துக்களும் கிறித்தவரும் உளர். 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5இல் அவசரநிலையை நீக்கியது. அதன்பின் பரவியவை பெரும்பாலும் ஒமிக்ரோனின் வழித்தோன்றல்களே. ஆயினும், மரபுச்செய்திகளை வாசித்துத் திரிபுகளைக் கண்காணிக்கும் பணி உலகெங்கும் வெகுவாகக் குறைந்துவிட்டது.