அறிக்கை பொய்க்கும்போது

பிழைகள் இருவகைப்படும். தன்னைத் தானே அறிவிக்கும் பிழை ஒன்று. வாய் திறவாது மறைந்திருக்கும் பிழை மற்றொன்று. முன்னையது தொல்லை தரும். பின்னையது கேடு விளைக்கும். கணினி ஆக்கித் தரும் அறிக்கைகளைப் பொறுத்தவரை இவ்வேறுபாட்டை உணர்ந்திருத்தல் மிக அவசியமாகும்.

வங்கி, மருத்துவமனை, பாடசாலை, அரசாங்கக் காரியாலயம் ஆகிய யாவும் இன்று தத்தம் விவரங்களைத் தரவுத்தளங்களிற் சேமித்து வைக்கின்றன. தரவுத்தளம் என்பது ஒழுங்குற அமைந்த பல அட்டவணைகளின் தொகுதி. அவற்றினின்றும் வேண்டியவற்றைத் திரட்டிக் கூட்டியும் வகுத்தும் திரையிலோ தாளிலோ காட்டுவதே அறிக்கை மென்பொருளின் தொழில். அதற்கு இடும் கட்டளை வினவல் எனப்படும். ஆகவே, அறிக்கையில் வழு நேரத்தக்க இடங்கள் நான்கு: மூலத் தரவு, அது வந்து சேரும் வழி, வினவல், அறிக்கையின் அமைப்பு.

அட்டவணையில் ஒரு நிரலின் பெயர் மாறிவிட்டாலோ, தரவுத்தளத்தோடு தொடர்பு அறுந்துபோனாலோ, பார்வையிடும் உரிமை இல்லாதிருந்தாலோ மென்பொருள் உடனே செய்தி காட்டி நின்றுவிடும். அச்செய்தியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. செய்திகள் பல தொடர்ந்து வருமாயின், பெரும்பாலும் முதலாவதே காரணத்தைச் சுட்டும். ஏனையவை அதன் விளைவுகளாய் இருத்தல் கூடும். ஆதலின் அதனைச் சொல் பிசகாமற் குறித்துக்கொள்ளுதல் நன்று.

ஆனால், மௌனமான பிழையோ அத்தகையதன்று. இங்கிலாந்திலே 2020ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இதற்குத் தக்க சான்றாகும். கொவிட் நோய் பரவிய காலம் அது. பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த முடிவுகளை அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனம் எக்செல் கோப்புகளில் ஏற்றி, அவற்றின் வழியே மத்திய தரவு முறைமைக்கு அனுப்பி வந்தது. அக்கோப்புகள் பழைய வகையின. அவ்வகைக் கோப்பொன்று 65,536 நிரைகளுக்கு மேல் ஏற்காது. ஒவ்வொரு பரிசோதனை முடிவும் பல நிரைகளைப் பிடித்தமையால், ஒரு கோப்பு ஏறக்குறைய 1,400 நோயாளரோடு நிறைந்துவிட்டது. எஞ்சியோர் கணக்கிற் சேராது நின்றனர். செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை இவ்வாறு விடுபட்டோர் தொகை 15,841. பரிசோதனை முடிவு நோயாளருக்கு அறிவிக்கப்பட்டது உண்மையே. எனினும், அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமாயிற்று. புதியவகைக் கோப்பு 1,048,576 நிரைகளை ஏற்க வல்லது. அது பல்லாண்டுகளாகவே வழக்கில் இருந்தது. அனுப்பியவை எத்தனை, வந்து சேர்ந்தவை எத்தனை என்று நாள்தோறும் ஒப்பிட்டிருந்தால், வழு முதல் நாளிலேயே வெளிப்பட்டிருக்கும் அன்றோ?

வினவலிலும் இத்தகைய மௌனப் பிழைகள் உண்டு. ஒரு வகுப்பில் 40 மாணவர் உளர் எனவும், 37 பேரே பரீட்சை எழுதினர் எனவும் கொள்வோம். பெயர் அட்டவணையையும் புள்ளி அட்டவணையையும், இரண்டிலும் உள்ளோரை மட்டும் எடுக்குமாறு இணைத்தால், அறிக்கையில் 37 பெயர்களே தோன்றும். மூவர் சுவடின்றி மறைவர். இனி, ஒரு மாணவன் இரு மன்றங்களில் அங்கத்தவனாயின், மன்ற அட்டவணையோடு இணைக்கும்போது அவன் பெயர் இருமுறை வரும். அவன் பெற்ற புள்ளியும் இருமுறை கூட்டப்படும். முன்னையதில் தொகை குறைகிறது, பின்னையதில் பெருகுகிறது. இரண்டிடத்தும் கணினி எச்சரிக்கை எதனையும் விடுப்பதில்லை.

வெற்றிடம் வேறு, பூச்சியம் வேறு. ஐவருள் நால்வர் 60, 70, 80, 50 எனப் புள்ளி பெற, ஐந்தாமவனது இடம் வெறுமையாய் இருக்கிறது என்க. தரவுத்தளம் வெற்றிடத்தை நீக்கி நால்வருக்கே சராசரி காணும், விடை 65. அவ்விடத்திற் பூச்சியம் இட்டிருந்தாலோ விடை 52 ஆகும். கணக்கு இரண்டிலும் சரியே. வராதவனையும் ஒன்றும் எழுதாதவனையும் வேறுபடுத்துதல் மனிதனின் கடமை.

அவ்வாறாயின், வழுவைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? முதலில், அறிக்கை இறுதியாகச் சரியாய் இருந்த நாள் எது, அதன்பின் மாறியது யாது என்று வினவுதல் வேண்டும். அடுத்து, அறிக்கையை ஒருபுறம் வைத்துவிட்டு, வினவலை மட்டும் தரவுத்தளத்தில் நேரே இயக்கிப் பார்த்தல் வேண்டும். விடை அங்கே சரியாயின், குற்றம் அறிக்கையின் அமைப்பில் உள்ளது. வடிகட்டும் நிபந்தனையையும் கூட்டும் முறையையும் அங்கே சோதிக்கலாம். அங்கேயே பிழையாயின், வினவலையோ மூலத் தரவையோ நாட வேண்டும். பின்னர், அட்டவணைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு படியிலும் நிரைகளை எண்ணுதல் வேண்டும். எண்ணிக்கை எப்படியில் எதிர்பாராது குறைகிறதோ, பெருகுகிறதோ, அப்படியிலேயே பெரும்பாலும் வழு ஒளிந்திருக்கும். அதன்பின் ஒரே ஒருவரது பதிவை எடுத்து, தொடக்கம் முதல் முடிவுவரை கையாற் கணித்துச் சரிபார்த்தல் வேண்டும்.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றனையே மாற்றுக. பலவற்றை ஒருங்கே மாற்றியவர், குணம் கண்டாலும் காரணம் காணார். அவ்வழு மீண்டும் வரின் மீண்டும் இருளிலேயே தடுமாறுவர்.

வரவு இடாப்பைக் கூப்பிட்டு முடித்த ஆசிரியர், வகுப்பில் அமர்ந்திருக்கும் தலைகளையும் ஒருமுறை எண்ணிக்கொள்வார். இடாப்பின்மீது ஐயுறவு கொண்டன்று. ஒரு பிள்ளையேனும் தவறிவிடலாகாது என்னும் பொறுப்புணர்வினாலேயே அவ்வாறு செய்கிறார். அறிக்கையிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு மனிதன் நிற்கிறான். அழகாக அச்சாகி வந்தது என்பதற்காக அதனை நம்பிவிடாது, வேறொரு வழியாலும் எண்ணிப் பார்ப்பதே அம்மனிதனுக்குச் செய்யும் நீதியாகும்.