தேய்ந்த மூட்டும் தேயாத மனமும்

பாட்டிக்கு மூட்டு வலி என்பது நம் வீடுகளில் ஒரு செய்தியாகவே மதிக்கப்படுவதில்லை. "வயதானால் வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லி, தைலக் குப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, நாம் நம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். இரவெல்லாம் புரண்டு படுக்க முடியாமல் அந்த அம்மாள் படும் பாட்டைச் சுவர்தான் அறியும். உயிரைப் போக்காத வியாதி என்பதாலேயே இதற்கு மரியாதை இல்லாமற் போயிற்று!

இந்த வியாதியை ஒரு பொருட்டாக எண்ணிப் போராடித் தோற்று, தோல்வியை ஒளிக்காமல் மீண்டும் போராடி வென்ற ஒரு ரண வைத்தியரின் வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் ஜான் சார்ன்லி. 1911-ம் வருஷம் இங்கிலாந்தில் லங்காஷயர் ஜில்லாவில் பிறந்தவர்.

எலும்போடு எலும்பு கூடுமிடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு ஒன்று மூடியிருக்கிறது. அது தேய்ந்தால் எலும்பும் எலும்பும் உராய்கின்றன. இதற்குப் பழைய ரண வைத்தியர்கள் அறிந்த உபாயங்கள் சில. மூட்டை அசையாதபடி ஒன்றாகப் பிணைத்துவிடுவது ஒன்று. வலி போகும், ஆனால் கால் மடங்காது. எலும்பை வெட்டித் திருத்தி, உடலின் பாரம் தேயாத பக்கம் விழச் செய்வது மற்றொன்று. தேய்ந்ததை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைப்பது மூன்றாவது. ஜெர்மனியில் குளுக் என்பவர் 1890-லேயே தந்தத்தினால் முழங்கால் மூட்டுச் செய்து வைத்துப் பார்த்தார், அது நிலைக்கவில்லை.

1946-ல் பாரிஸ் நகரத்து ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் என்னும் பொருளால் தொடை எலும்புக்குப் புதிய தலை வைத்தார்கள். அத்தகைய மூட்டுடன் ஒருவர் சார்ன்லியிடம் வந்தாராம். சாப்பாட்டு மேஜையில் அவர் முன்னே குனிந்தால் இடுப்பு கிறீச்சிடும். அதைக் கேட்கச் சகியாமல் மனைவி எழுந்து போய்விடுவாள்! கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். சார்ன்லி யோசித்தார். எண்ணெய் காணாத வண்டி அச்சுத்தானே இப்படிக் கத்தும்? ஆகவே உராய்வுதான் சத்துரு என்று கண்டார்.

ரைட்டிங்டன் என்னுமிடத்தில், முன்பு க்ஷயரோகிகளுக்காக இருந்த ஆஸ்பத்திரியில், அவர் தம் வேலையைத் தொடர்ந்தார். தொடை எலும்பில் சிறிய உலோகக் குண்டு. அதை ஏற்கும் கிண்ணம் டெப்லான் என்னும் வழுக்கும் பொருளில். இரண்டையும் எலும்பில் நிறுத்தப் பல் வைத்தியர்கள் கையாளும் அக்ரிலிக் பசை. வருஷக்கணக்கில் நொண்டியவர்கள் வலியின்றி நடந்தார்கள். ஏறக்குறைய 300 பேருக்கு இச்சிகிச்சை நடந்தது. அப்புறம் வந்தது விபத்து. சில வருஷங்களுக்குள் டெப்லான் தேய்ந்தது. உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த சதையையும் எலும்பையும் கெடுத்தன. நம்பி வந்தவர்களின் இடுப்பை மறுபடி அறுக்கும் துக்கம் சார்ன்லிக்கு நேர்ந்தது.

1962-ல் ஒரு வியாபாரி புதிய பொருள் ஒன்றைக் கொண்டு வந்தார். அது பாலிஎதிலீன். லங்காஷயர் நெசவாலைகளில் தறிகளின் உறுப்புகளுக்கு அது பயன்பட்டது. சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து, உதவாது என்று ஒதுக்கினார். அவருடைய உதவியாளர் ஹாரி கிரேவன் மட்டும், எஜமானர் ஊரிலில்லாத சமயத்தில், அதைத் தேய்ப்பு இயந்திரத்தில் பூட்டி ஓட விட்டார். வாரக்கணக்கில் ஓடியும் அது தேய்ந்தது அற்பமே. திரும்பி வந்த சார்ன்லி தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள வெட்கப்படவில்லை. இனிப் பிறர் உடலில் மட்டும் பரீக்ஷை செய்வதா என்று எண்ணினார் போலும்; டெப்லான், பாலிஎதிலீன் இரண்டையும் தம் தொடையிலேயே பதித்துக்கொண்டு, மாதக்கணக்கில் கவனித்து, கண்டதை 1963-ல் வெளியிட்டார். 1962 நவம்பரில் தொடங்கிய பாலிஎதிலீன் கிண்ணமே இன்றைய மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு மூலம்.

நம் நெசவாளர் வயிற்றிலடித்த ஆலைகள் அந்த லங்காஷயர் ஆலைகள். ஆயினும் மகாத்மாஜி 1931-ல் அங்கே போய், வேலையிழந்த தொழிலாளரை அன்போடு கண்டு பேசினார். அந்தத் தறியின் ஓர் உறுப்பு இன்று நம் பாட்டிமாரையும் நடக்க வைக்கிறது என்றால், நன்மை எங்கிருந்து வந்தாலும் ஏற்பதில் நமக்குக் குறைவில்லை.

நம் நாட்டில் அதிகம் மாற்றப்படுவது முழங்கால் மூட்டு. 2017 ஆகஸ்டில் இந்திய சர்க்கார் அதற்கு உச்ச விலை விதித்துப் பெருமளவு குறைத்தது. எனினும் கத்தி கடைசி வழியே. உடல் எடையைக் குறைப்பதும், தொடைத் தசைக்குப் பயிற்சியும், தக்க மருந்தும் முதலில். செயற்கை மூட்டிலும் கிருமி புகலாம், இரத்தம் உறையலாம், காலப்போக்கில் மூட்டுத் தளரலாம். பெரும்பாலானவை 15, 20 வருஷம் உழைக்கின்றன. தரையில் குந்தி உட்காருவதை அநேகமாக விட்டுவிட வேண்டும். இவற்றையெல்லாம் வைத்தியரிடம் கேட்டறிந்தே சம்மதிக்க வேண்டும்.

சார்ன்லி 1982-ல் காலமானார். சிகிச்சை பெற்றவர்களிடம், தாங்கள் இறந்த பின் அந்த மூட்டைத் திருப்பித் தரும்படி அவர் கேட்டுக்கொள்வதுண்டு; அது எவ்வளவு தேய்ந்தது என்று அறியத்தான். தம் தவற்றைத் தேடிச் சென்ற மனிதர் அவர்.

நாமோ, அடுத்த அறையில் கேட்கும் முனகலைக் கூடத் தேடிச் செல்வதில்லை. இன்றிரவு பாட்டியிடம், "எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது?" என்று உட்கார்ந்து கேட்போமாக. சிகிச்சை அங்கேதான் ஆரம்பமாகிறது.