படித்த ஊருக்குச் சேர வேண்டிய பங்கு

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் மாயவரத்துக்கும் புதுச்சேரிக்கும் காட்பாடிக்குமாக ஐந்து பாதைகள் பிரிகின்றன. நிலத்தை அடகு வைத்தாவது பிள்ளைகளைப் படிக்க வைத்து, சென்னைக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் அனுப்பிவிட்டு, போனில் குரல் கேட்டுத் திருப்தியடையும் பெற்றோர் இந்த ஜில்லாவில் அநேகர். வித்தை தேடிப் போகிறவர்களைத் தடுக்கலாகாது என்பதே என் அபிப்பிராயம். அந்த வித்தையின் பலனில் ஊருக்குரிய பங்கு எவ்வழியாக வந்து சேரும் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் படித்த ஐடா ஸ்கடர், நோயுற்ற தாயாருக்குத் துணையாகத் திண்டிவனத்து மிஷன் பங்களாவில் வந்து தங்கியிருந்தபோது, பிரசவ வேதனையில் துடித்த மனைவிக்கு உதவி கேட்டு ஒரே இரவில் மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக வாசலில் வந்து நின்றார்கள். வைத்தியரான தம் தகப்பனாரை அழைத்துப் போகும்படி அவர் மன்றாடியும், ஆண் வைத்தியர் வரலாகாது என்று மறுத்துத் திரும்பினார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா மறுபடியும் கடல் கடந்து சென்று, 1899-இல் கார்னெல் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றுத் திரும்பி, வேலூரில் தொடங்கிய சிகிச்சைதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்திருக்கிறது. திருச்சபைகளின் சிபாரிசில் அங்கே சேரும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் தங்களை அனுப்பிய சபையின் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் சேவை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. மனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிராமல், நன்றிக்கடனை ஒரு நியமமாகவே ஆக்கிவைத்த விவேகத்தை எவ்வளவு போற்றினாலும் தகும்.

நியமம் ஏதுமின்றியே அக்கடனைத் தீர்த்தவரும் உண்டு. விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகனாகப் பிறந்து, உள்ளூர் ரயில்வே பள்ளியிலும் பாலிடெக்னிக்கிலும் படித்து, 2023 ஆகஸ்ட் 23-இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநராக உயர்ந்த வீரமுத்துவேல் நாட்டை விட்டே போனவரல்லர். ஆயினும், தமிழக அரசு வெகுமதியாக அளித்த 25 லட்சம் ரூபாயைத் தாம் பயின்ற கல்லூரிகளின் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கே பகிர்ந்து கொடுத்துவிட்டார். சென்னை ஐ.ஐ.டி.யை நினைத்தவர் விழுப்புரத்துப் பாலிடெக்னிக்கையும் மறக்கவில்லை. கடைசியாகப் பட்டம் கொடுத்த பெரிய ஸ்தாபனத்தை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். முதற்படியாக இருந்த சிறிய ஸ்தாபனத்தை நினைப்பவர் சிலரே.

அரசுப் பள்ளிகளுக்கு உதவ விரும்புவோருக்காக 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாக, அயல்நாட்டில் இருப்பவரும் தாம் படித்த பள்ளிக்குப் பொருள் அளிக்கலாம். லண்டனிலோ கலிபோர்னியாவிலோ இருந்து இதைப் படிக்கும் அன்பர்கள், தங்களுக்கு எழுத்தறிவித்த பள்ளிக்கு இந்த மாதமே இயன்றதை அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.